நூற்று இருபது சென்டி

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ராஜேந்திரன் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டான். அவன் பல்லடத்துக்காரன். இங்கே செக்கிங் பிரிவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவனுடையது.

"ஏனுங்கண்ணா, வர்ற லீவுல பையனுக்கு நாலு வயசாயிருமுங்க. தீம் பார்க் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறனுங்க. நாலு வயசு பத்துமுங்களா, இல்ல அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாமுங்களா?"

அறையில் இருந்த மற்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். எந்த வயதுக் குழந்தைக்கு எவ்வளவு உயரம், எவ்வளவு தோள் என்பதெல்லாம் என்னிடம் கேட்கிற விஷயம். நான் கட்டிங் மாஸ்டர். இருபத்தைந்து வருடமாகக் குழந்தைகள் உடுப்பு வெட்டுகிறவன்.

நான் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அவன் கேட்டதில் எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பான். கோபமில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

2

மொரீஷியஸில் இருக்கிறேன் என்றால் ஊரில் எல்லோரும் முதலில் கடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கடல் இருக்கிறது. எங்கள் கம்பெனி தீவின் நடுவில், கரும்புக் காட்டுக்குள் இருக்கிறது. காலை ஆறரைக்கு விடுதி வாசலில் வேன் வரும். சாயங்காலம் அதே வேன் கொண்டுவந்து விடும். வெளியே போனால் வாட்ச்மேன் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும். பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. வேலை பெர்மிட் இந்தக் கம்பெனிக்கு மட்டும்தான். பக்கத்துக் கம்பெனியில் கூப்பிட்டாலும் போக முடியாது.

இங்கத்து ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. முதல் மாதம் அதைப் பார்த்த சந்தோஷத்தில், முக்குக் கடைக்காரரிடம் நோட்டைக் காட்டித் தமிழில் பேசினேன். நெற்றியில் திருநீறு, கடைக்குள் முருகன் படம், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. சிரித்தார். நானும் சிரித்தேன். ஒன்பது வருடமாக இரண்டு பேரும் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

திரும்பி வந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். சாந்தாமணி, என் மனைவி, அவளும் கேட்கிறாள். வேலம்பாளையத்தில் நான் பதினாறு வருடம் வேலை பார்த்த கம்பெனியில் இன்றைக்குப் போய் நின்றாலும் கத்திரி கொடுப்பார்கள். காரணம் வேறு. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆபீஸில் கூப்பிட்டு ஒரு காகிதத்தை முன்னால் வைப்பார்கள். பாதி இங்கிலீஷ், பாதி பிரெஞ்சு. மேனேஜர் பேனாவைத் திறந்து, என் பக்கம் திருப்பி நீட்டுவார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷும் வராது, பிரெஞ்சும் வராது. தமிழிலும் அது எனக்கு வராது என்பதுதான் உண்மை. நான்கு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

3

மகள் மோனிஷாவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது விமானம் ஏறினேன். இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. அவள் வயதை நான் லீவில்தான் எண்ணுவேன். இரண்டரை, நாலரை, ஆறரை.

இரண்டரையில் போனபோது என்னைப் பார்த்து அழுதாள். பத்து நாள் ஆனது பக்கத்தில் வர. பார்க் போகலாமா என்றேன்.

"இப்பக் கூட்டிட்டுப் போனா இவளுக்கு என்னங்க ஞாபகமிருக்கும்?" என்றாள் சாந்தாமணி. "தூக்கிட்டுத் திரிஞ்சு நமக்குத்தான் கை வலிக்கும். கொஞ்சம் பெருசாகட்டுங்க."

சரி என்றேன்.

நாலரையில் அவளே கேட்டாள். டீவியில் விளம்பரம் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு பெரிய படகு ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆகாசத்துக்குப் போகும். சனங்கள் கையைத் தூக்கிக் கத்துவார்கள். அவளுக்கு மற்ற எதுவும் வேண்டாம், அந்தப் படகு போதும். நான் பக்கத்தில் உட்கார வேண்டும்.

"நீங்க இந்தப் பக்கம் உக்காருங்கப்பா. நான் கம்பிப் பக்கம். பயந்தீங்கன்னா என்ற கையப் புடிச்சுக்கங்க."

சோமனூரில் தறி ஓட்டுகிற என் மச்சினன் செல்வராசு அன்றைக்கு வந்திருந்தான். அவன் பிள்ளைகளோடு இரண்டு தடவை அங்கே போய் வந்தவன்.

"மாமா, அந்தப் படகுக்கு நூத்தி இருவது சென்டி ஒசரம் வேணுமுங்க. கோடு போட்டு வெச்சிருக்கறாங்க. கோட்டுக்குக் கீழ தலை இருந்தா, மந்திரி புள்ளையா இருந்தாலும் ஏத்த மாட்டாங்க."

"அப்ப இவளுக்கு எப்பங்க ஆகும்?" என்று சாந்தாமணி என்னைப் பார்த்தாள்.

நான் யோசிக்கவே இல்லை. "ஏழு வயசு" என்றேன்.

செல்வராசு சிரித்தான். "அளந்து பாக்காமயே சொல்றீங்க பாருங்க. மாஸ்டர்னா மாஸ்டருதான்."

அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் முகம் சுடுகிறது.

4

எங்கள் வேலையில் எல்லாம் சைஸ் சார்ட்தான். பிரான்சிலிருந்து வரும். ஆறு வயதுக்கு 116 சென்டி. எட்டு வயதுக்கு 128. ஏழு என்று தனியாக எழுதியிருக்காது. நடுவில் நாமே போட்டுக்கொள்ள வேண்டும், 122. நான் வெட்டிய உடுப்பு எதுவும் அளவு தவறித் திரும்பி வந்தது கிடையாது. எக்ஸ்போர்ட்டில் துணி வெட்டுகிறவன், அதைப் போடுகிற குழந்தையை ஒருநாளும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. சார்ட் இருக்கிறது.

மூன்றாவது லீவு ஒரு மே மாதம் வர வேண்டியது. மோனிஷாவுக்கு ஆறரை. அந்தச் சமயம் பெரிய ஆர்டர் ஒன்று இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் எனக்கும் பத்து இங்கிலீஷ் வார்த்தைதான் பொது.

"மாஸ்டர். லீவ். மே ஆர் நவம்பர்? யூ செலக்ட்."

ஒன்பது வருடத்தில் அவர் என்னை நீயே சொல் என்று கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் கொஞ்சம் நேரம் கேட்டுக்கொண்டு டேபிளுக்கு வந்தேன். வெட்டுகிற பலகை ஓரத்தில் சாக்கட்டியால் கணக்குப் போட்டேன். ஆறு வயதுக்கு 116, ஏழுக்கு 122. அப்படியானால் ஆறரைக்கு 119.

ஒரு சென்டி குறைந்தது.

நவம்பரில் அவளுக்கு ஏழு நிறைந்துவிடும். 122. கோட்டுக்கு மேல் இரண்டு சென்டி. திரும்பப் போய் "நவம்பர்" என்றேன். மேனேஜர் எழுந்து கை கொடுத்தார். கம்பெனிக்காக நான் விட்டுக்கொடுத்ததாக நினைத்திருப்பார்.

சாயங்காலம் போனில் சொன்னேன். பக்கத்து வீட்டு போன். சாந்தாமணி மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள்.

"மே மாசம் இல்லீங்களா?"

"நவம்பர். அவளுக்கு ஒசரம் பத்தாது."

"எதுக்குங்க ஒசரம்?"

"படகுக்கு."

 அவள் மெதுவாகச் சொன்னாள். "அந்தப் படகு இல்லீன்னா என்னங்க. நீங்க வந்தாப் பத்தாதுங்களா?"

எனக்கு அது அப்போது காதில் ஏறவில்லை. ஒரு சென்டிக்காக ஆறு மாதத்தைத் தள்ளி வைத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

5

நவம்பரில் போய் இறங்கினேன். பழைய பஸ் நிலையத்தில் கண்டக்டர் சில்லறை கொடுத்தபோது வாய் தவறி, தீவில் நன்றி சொல்கிற வழக்கத்தில், "மெர்ஸி" என்றேன். அவர் முறைத்தார். மோனிஷா வாசலில் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, "வாங்கப்பா, நல்லா இருக்கறீங்களா?" என்றாள். கல்யாண வீட்டுக்கு வந்தவரைக் கேட்பதுபோல இருந்தது.

பார்க் போவதற்கு முன்தினம், நாளைக்கு அவள் என்ன போட வேண்டும் என்று பீரோவைத் திறந்தேன். வருடா வருடம் நான் வெட்டி, இங்கே தைக்கச் சொல்லி, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பிய கவுன்களெல்லாம் அடுக்கி இருந்தன. ஒன்றை எடுத்தேன். கீழ் விளிம்பு இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்திருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் மடித்திருந்தது. ஆறு கவுன், ஆறிலும் மடிப்பு. தோளில்கூட ஒரு பிடிப்புத் தையல்.

"என்ன இது?"

சாந்தாமணி அடுப்படியிலிருந்து வந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்பவும் பெருசாத்தானுங்க வரும். நீங்க ஆசையா அனுப்பினது. அளவு தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

நான் மோனிஷாவைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்க வைத்து இன்ச் டேப்பை வைத்தேன். நூற்றுப் பதினைந்து. மறுபடியும் அளந்தேன். நிமிர்ந்து நில்லு கண்ணு என்றேன். நிமிர்ந்துதான் நின்றாள். நூற்றுப் பதினைந்து.

சார்ட் பொய் சொல்லவில்லை. அது பிரான்சுக் குழந்தைகளின் உயரம். எங்கள் வீட்டில் நானே ஐந்தடி மூன்றுதான், சாந்தாமணி என் தோளுக்கு வருவாள். இது தெரியாதவனா நான்? ஆனாலும் அத்தனை வருடமும் என் மனதில் வளர்ந்துகொண்டிருந்தது சார்ட்டில் இருக்கிற பிள்ளைதான்.

"எத்தனைங்கப்பா?" என்று மோனிஷா கேட்டாள்.

சாந்தாமணி எனக்கு முந்திக்கொண்டாள். "கிட்டத்துல வந்துருச்சு கண்ணு." காலையில் பார்த்தால் மகளின் ஷூவுக்குள் பனியன் வேஸ்ட்டை, கம்பெனியில் கழிக்கிற வெட்டுத் துணியை, நாலாக மடித்துத் திணித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, "மேல கொண்டையும் போட்டுர்றேன்" என்றாள்.

6

பஸ்ஸில் மூன்று மணி நேரம். மோனிஷா நொண்டி நொண்டி நடந்தாள். உள்ளே போனதும் நேராகப் படகுக்குத்தான் போனோம். வரிசையில் முக்கால் மணி நேரம். கோட்டுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். என் வயது இருக்கும். தெற்கத்திப் பேச்சு.

"பாப்பா, ஷூவக் கழட்டிட்டு நில்லு தாயி."

ஷூவைக் கழற்றினாள். பனியன் வேஸ்ட் வெளியே வந்து விழுந்தது, சிவப்பும் மஞ்சளுமாக. பின்னால் நின்ற காலேஜ் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தார். கொண்டையை உள்ளங்கையால் மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"அஞ்சு சென்டி கொறையுதே அண்ணாச்சி. நான் என்ன செய்யட்டும்? கம்பி இதுகளுக்கு நிக்காது. சின்னப் புள்ளைய ரயிலு அங்கிட்டு ஓடுது, அதுல ஏத்துங்க."

சின்னப் பிள்ளைகள் ரயிலுக்கும் போனோம். அங்கேயும் ஒரு கோடு இருந்தது, நூற்றுப் பத்து. அதற்கு மேல் இருந்தால் ஏற்ற மாட்டார்கள்.

திரும்பிப் படகின் முன்னால் வந்து நின்றோம். மோனிஷா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா."

"நான் எதுக்கு கண்ணு?"

"ஒருத்தராச்சும் போகணுமுங்கல்ல. நான் இங்க நின்னு கை காட்டறேன். மேல போனதும் என்னையப் பாருங்க."

"போயிட்டு வாங்க" என்று சாந்தாமணியும் சொன்னாள். என்னால் யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் வேட்டியோடு நான் ஒருவன். இடுப்புக்குக் குறுக்கே இரும்புக் கம்பி இறங்கி டக்கென்று பூட்டிக்கொண்டது. காக்கிச் சட்டைக்காரர் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். அந்த நிமிஷமே இறங்க வேண்டும் போலிருந்தது. படகு அசைந்துவிட்டது. முதல் ஆட்டத்தில் அவளைப் பார்த்தேன், பச்சைக் கவுன், தூக்கிய கை. இரண்டாவது ஆட்டத்தில் கண்ணை மூடினேன். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, முடியட்டும் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். விடுதியில் சில ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போகும்.

இறங்கினதும் ஓடி வந்தாள்.

"மேல இருந்து என்னையப் பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன் கண்ணு."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

"ரெண்டு கையும் ஆட்டுனேனே, அது?"

"அதுவும் பாத்தேன்."

அந்த லீவில் அவள் என் மடியில் உட்கார்ந்தது அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில்தான்.

7

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சாந்தாமணியை அளந்து சொல்லச் சொன்னேன். நூற்றுப் பதினேழு. நூற்றுப் பத்தொன்பது. எட்டு வயதில் கோட்டைத் தாண்டினாள். அன்றைக்கு அறையில் எல்லோருக்கும் நான் கேசரி கிண்டினேன். இனி லீவு மட்டும்தான் பாக்கி. போன நவம்பரில், அவளுக்கு ஒன்பது நிறையும்போது போவதாக இருந்தது.

அக்டோபரில் மேனேஜர் கூப்பிட்டார். ஆர்டர் இருக்கிறது, பெர்மிட் புதுப்பிக்கப் போயிருக்கிறது, அது வரும்வரை தீவை விட்டுப் போக முடியாது, மே மாதம் போகலாம் என்று காகிதத்தைக் காட்டிச் சொன்னார். இந்தத் தடவை செலக்ட் என்று கேட்கவில்லை. பேனாவை நீட்டினார்.

ஜனவரியில் மோனிஷாவின் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அறிவித்தார்கள். அதே பார்க். சாந்தாமணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"வகுப்புல அல்லாரும் போறாங்க. இவ மட்டும் போகலீங்கறா. எங்கப்பா கூடத்தான் மொதத் தடவ ஏறுவேன்னு சொல்லிட்டாளாம். மிஸ்ஸு என்னையக் கூப்புட்டுக் கேக்கறாங்க. நான் என்னத்தங்க சொல்றது? நீங்க மே மாசம் வந்துருவீங்கதான?"

வந்துவிடுவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு மே மாதத்தை நானே விட்டேன், இந்தத் தடவை அது என் கையில் இல்லை. மோனிஷாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"நீ போயிட்டு வா கண்ணு."

"வேண்டாமுங்க. நீங்க வந்தப்புறம் போலாம்."

"நான் ஏற்கெனவே ஏறிட்டேனல்ல? இனி உன்ற முறை."

"அப்படிங்களா?" என்றாள். பிறகு, "அப்ப நீங்க வந்தா எங்கீங்க போறது?" என்றாள்.

 மே மாதம் ஊருக்குப் போனால் எதைச் செய்யப் போகிறேன் என்று அதுவரை நான் வேறு எதையும் நினைத்து வைத்திருக்கவில்லை. "போயிட்டு வா" என்று மறுபடியும் சொன்னேன். ஷூவுக்குள் ஒன்றும் வைக்க வேண்டாம் என்று சாந்தாமணியிடம் சொல்லச் சொன்னேன். மோனிஷா சிரித்தாள்.

8

சுற்றுலா முடிந்து இன்று காலை பேசினாள். விடுதி வாசல் படியில் உட்கார்ந்து பேசினேன். போன் கார்டில் ஆறு நிமிஷம் இருந்தது.

"ஏறினியா கண்ணு?"

"ஏறினனுங்க. கம்பிப் பக்கம்."

"பயமா இருந்துதா?"

 "அப்பா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"மேல இருந்து என்னையப் பாத்தேன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"பொய்யிங்கப்பா. எங்க மிஸ்ஸு கீழ நின்னு கை காட்டிட்டுத்தான் இருந்தாங்க. நானும் ரெண்டு தடவை பாத்தேன். மேல போனா மரந்தான் தெரியுது. ஆளே தெரியறதில்ல."

வாட்ச்மேன் நோட்டைப் பிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் படியில் தள்ளி உட்கார்ந்தேன். இரண்டு வருடத்துக்கு மேலாக அந்தப் பொய் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது.

"மொதல் ஆட்டத்துல பாத்தேன், கண்ணு. பச்சைக் கவுன். அதுக்கப்புறம் பாக்கல."

"ஏனுங்க?"

"கண்ண மூடிட்டேன்."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

 கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். கார்டு நிமிஷம் முடியப் போகிறது என்று போனில் ஒரு பெண் குரல் பிரெஞ்சில் சொன்னது. அது முடிந்ததும் மோனிஷா மிக மெதுவாக, பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"நானுந்தாங்கப்பா."

அத்தோடு போன் நின்றுவிட்டது. உள்ளே போனேன். ராஜேந்திரன் மேல் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். போன வாரம் வெளியே போனதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"உன்ற பையன் எத்தனை ஒசரம்?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்கண்ணா. நாலு வயசுக்கு எத்தனைங்க இருக்கும்? நீங்கதான் சொல்லோணும்."

என் இன்ச் டேப்பைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தேன். "ஊருக்குப் போறவங்ககிட்டக் குடுத்தனுப்பு. உன்ற பொண்டாட்டிய அளக்கச் சொல்லு" என்றேன். "எவ்வளவு வந்தாலும் இந்த லீவுலயே கூட்டிட்டுப் போ."